புகைபோக்கி பங்களாவும் சம்பூர்ச் சீமெந்தும்

திருகோணமலையில் இறங்கிய முதல் நாள் காலை பத்து மணிக்கே என் ரவிக்கை முதுகோடு ஒட்டிவிட்டது. அந்த வெயிலில் நின்றுகொண்டுதான் துறைமுகத்துக்கு மேலே, சரிவில் இருக்கும் அந்த வீட்டை முதன்முதலாகப் பார்த்தேன். கூரைமேல் ஐந்து புகைபோக்கிகள். அடுப்படிக்கு ஒன்று என்றால் புரியும். மிச்ச நான்கும் குளிர்காய்வதற்கு. எந்தக் குளிருக்கு என்று என்னைக் கேட்காதீர்கள், கட்டிய வெள்ளைக்காரரைத்தான் கேட்க வேண்டும். அவர் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிறதாம்.

நான் தஞ்சாவூர்க்காரி. பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். சத்திரம், அரண்மனை, பாழடைந்த பள்ளிக்கூடம் என்று முப்பது வருடமாகச் சுண்ணாம்புச் சுவர்களோடு குடித்தனம் நடத்துகிறேன். பழைய சுவரில் சிமெண்டைக் கண்டால் எனக்கு ஆகாது. வீட்டில் என் எதிரே அந்தப் பேச்சை எடுக்கவே பயப்படுவார்கள். அப்படிப்பட்டவளைத்தான் கடல் தாண்டி இந்த வீட்டைப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள்.

வீடு இப்போது மாணவிகள் விடுதி. இருபத்திரண்டு பெண்கள் தங்கிப் படிக்கிறார்கள். சம்பூர், இறக்கக்கண்டி, இன்னும் தள்ளியிருக்கும் ஊர்களிலிருந்து வந்தவர்கள். பாதிப்பேருக்கு இன்னும் இரண்டு மாதத்தில், எங்கள் ஊர்ப் பிளஸ் டூ மாதிரி, ஏ.எல். பரீட்சை. நடத்துபவர் புளோரா டீச்சர். எழுபது வயது, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை, குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"வாங்கோ பிள்ளை. முதல்ல இருங்கோ, தண்ணி குடியுங்கோ. சுவர் எங்கயும் ஓடிப்போகாது" என்றவர், நான் சொம்பை வாயில் வைப்பதற்குள், "விழுந்துபோகும் எண்டுதான் சொல்லுறாங்கள்" என்றார்.

விஷயம் இதுதான். மேற்குச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது, செங்கல் பொடிந்து கொட்டுகிறது. அதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, மாத முடிவுக்குள் விவரம் தெரிந்த ஒருவர் பாதுகாப்பு என்று எழுதித் தராவிட்டால் விடுதியை மூட வேண்டும் என்று சொல்லிப் போயிருக்கிறார். மூடினால் பெண்கள் ஊருக்குப் போக வேண்டியதுதான். மாலை வகுப்பு முடிந்தபின் அந்தப் பக்கங்களுக்குப் பஸ் கிடையாது. எழுதித் தர வேண்டிய ஆள் நான்.

டீச்சரின் சமையல்காரம்மா மதியத்துக்குச் சோறும் சூடைமீன் பொரியலும் பருப்பும் வைத்தார். அந்தப் பருப்பில் தேங்காய்ப்பால் விட்டிருந்தது. எங்கள் ஊரில் பருப்புக்குப் பெருங்காயம் போடாவிட்டால் கோபித்துக்கொள்வேன். இங்கே மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டதும் வீட்டைச் சுற்றி வந்தேன். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் பணக்காரர்கள் கட்டிக்கொண்ட செங்கல் மாளிகைகளை, ஒருமுறை பயிற்சிக்குப் போனபோது நேரில் பார்த்திருக்கிறேன். இதைக் கட்டியவரும் ஊர் நினைப்பில் அப்படி ஒன்றைக் கட்டியிருக்கிறார். நடுவில் வாசல். வாசலுக்கு இந்தப் பக்கம் எத்தனை ஜன்னலோ அந்தப் பக்கமும் அத்தனை. கீழ்த்தளத்து ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேல், மாடியில் அதில் முக்கால்தான். அதனாலேயே வீடு இருப்பதைவிட உயரமாகத் தெரிகிறது. இரண்டு பக்கச் சுவர்களும் கூரைக்கு மேலே வளைந்து வளைந்து ஏறி உச்சியில் ஒரு சின்ன முக்கோணத்தில் முடிகின்றன.

இந்த மாதிரி வீட்டில் செங்கல்தான் அழகு. மேலே எதுவும் பூச மாட்டார்கள். ஒரு வரிசை முழுக்கக் கல்லின் நீளப்பக்கம் வெளியே தெரியும், அடுத்த வரிசை முழுக்கக் குட்டைப்பக்கம். குட்டைப்பக்கம் தெரியும் கல் சுவருக்குள்ளே நீண்டு போய்ப் பின்னால் இருக்கும் கல்லைப் பிடித்துக்கொள்கிறது. கண்ணுக்குக் கோலம், சுவருக்குக் கட்டு. ஜன்னல்களுக்கு மேலே கற்களை ஆப்பு வடிவத்தில் உரசித் தேய்த்து விசிறி மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள். அந்த இணைப்புகளில் நகம் நுழையாது. நான் நுழைத்துப் பார்த்து ஒரு நகத்தை உடைத்துக்கொண்டேன்.

சிரிப்பாகவும் இருந்தது. ஜன்னல்கள் மேலும் கீழும் ஏறி இறங்குகிற வகை. எப்படித் திறந்தாலும் பாதிதான் திறக்கும், குளிர் நாட்டுக்கு அது போதும். இங்கே காற்றுக்குத் தவிக்க வேண்டும். முகப்பில் மெல்லிய இரும்புத் தூண்களோடு ஒரு விறாந்தை இருக்கிறது. அதன் கூரை சுவரில் பொருந்தாமல் நிற்பதைப் பார்த்தால், முதல் வெயில் காலம் கழிந்தபிறகு துரைக்கு வந்த ஞானம் என்று தெரிகிறது. உள்ளே, விருந்து மண்டபமாக இருந்த நீண்ட அறையில் இரண்டு வரிசைக் கட்டில்கள். குளிர்காயும் அடுப்புக்குள் உயிரியலும் கணக்கியலும் அடுக்கி வைத்திருந்தார்கள். அது கட்டப்பட்ட நாளிலிருந்து இதைவிட உருப்படியாகப் பயன்பட்டிருக்காது.

மேற்குப் பக்கம் போனதும் சிரிப்பு போய்விட்டது. தரையிலிருந்து நெஞ்சு உயரம்வரை அந்தப் பக்கம் முழுக்கச் சிமெண்ட் பூசி, மஞ்சள் வண்ணம் அடித்து, மேலே சிவப்பில் ஒரு பட்டையும் இழுத்திருந்தார்கள். அந்தப் பட்டைக்குச் சற்று மேலே செங்கல்கள் தொட்டால் மாவாகக் கொட்டின.

"யாரு செஞ்ச வேலை இது?" என் குரல் ஏறிவிட்டது.

"மெல்லக் கதையுங்கோ" என்றார் புளோரா டீச்சர். "அந்த மனுசன்ட பிள்ளை உள்ள படிச்சுக்கொண்டிருக்கு."

அந்த மனிதர் சம்பூர் யோகராசா. மேசன், அதாவது கொத்தனார். நாலு வருடத்துக்கு முன், மகள் தர்சிகாவை விடுதியில் சேர்த்த கையோடு, மற்றத் தகப்பன்மாரையும் கூட்டிக்கொண்டு வந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை செய்து இதைப் பூசிக் கொடுத்திருக்கிறார். கொண்டுவந்த சிமெண்ட் இந்த ஒரு பக்கத்துக்குத்தான் போதுமாயிருந்தது. செய்யச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

"இவ்வளவு பெரிய வீடு பூச்சில்லாமக் கிடக்கே ரீச்சர், பிள்ளையள் முடியாத வீட்டில இருக்கிற மாதிரிக் கிடக்கு எண்டு சொன்னார்" என்றார் டீச்சர். "யுத்தத்தில இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த சனம். அங்க பூசாத சுவர் எண்டா, உதவி பாதியில நிண்டுபோன வீடு எண்டு அர்த்தம். நான் கணக்குப் படிப்பிச்சவள். சுவரைப் பற்றி எனக்கென்ன தெரியும்? சந்தோசத்தில அழுதுபோட்டன்."

பூசாத செங்கல்லைப் பார்த்து இது ஏழ்மை என்று நினைக்க முடியும் என்பது முப்பது வருடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை.

"சிமெண்ட்தான் சுவரைக் கெடுக்குதுன்னா அவர்கிட்ட சொல்லித்தானே ஆகணும்" என்றேன்.

"உப்புக் காத்தால வந்தது எண்டு எழுதுங்கோ. அவரிட்ட மட்டும் சொல்லாதேங்கோ" என்றார்.

இரண்டாம் நாள் காலை அளவெடுத்தேன். இரண்டு மணி நேரம் குனிந்து நிமிர்ந்து, மேற்குச் சுவர் முழுவதையும் ஒரு தாளில் வரைந்து, கடைத்தெருவில் பிளேன்ரீ குடிக்கப் போனேன். பாலில்லாத தேநீர், இஞ்சி போட்டு, கையில் ஒரு துண்டுப் பனங்கட்டி. திருகோணமலைத் தெருக்களில் புள்ளிமான்கள் நடமாடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் ஊர் மாடுகள் மாதிரி அவ்வளவு சாவதானமாகப் பஸ்ஸுக்குக் குறுக்கே நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஒன்று என் பக்கத்தில் வந்து நின்றது. நான் அதன் கண்ணை ரசித்துக்கொண்டிருந்தபோது அது பெஞ்சில் இருந்த என் வரைபடத்தைத் தின்றுகொண்டிருந்தது.

"கடதாசி எண்டா அதுக்கு உயிர்" என்றார் கடைக்காரர். மீட்டது ஒரு மூலை.

மறுபடி போய், இந்தத் தடவை உள்ளேயிருந்து அளந்தேன். அளவு நாடாவின் மறுமுனையைத் தர்சிகா பிடித்தாள். மெலிந்த பெண், கண்ணாடி, அதிகம் பேசவில்லை. மேற்கு ஓரம் நடக்கும்போது பலகைத் தரை காலுக்குக் கீழே மெல்ல அமுங்கியது. உடனே நின்றுவிட்டேன். இந்த வகை வீடுகளில் பலகைத் தரைக்குக் கீழே காலியிடம் விடுவார்கள். அங்கே காற்றுப் போக வெளிச் சுவரின் அடியில் வரிசையாகத் துவாரங்கள் வைப்பார்கள். வெளியே ஓடிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. பூச்சு வழவழவென்று மண்வரை இறங்கியிருந்தது.

சுவரைச் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனேன். வயிறு தள்ளியிருந்த இடமெல்லாம் வெற்றுச் சத்தம். தள்ளி நிற்பது சுவர் இல்லை, பூச்சு மட்டும்தான் என்று ஒரு நம்பிக்கை வந்தது. ஆனால் பின்னால் இருக்கும் கல் எந்த நிலையில் இருக்கிறது? துவாரங்கள் எங்கே போயின? பூசியவரைக் கேட்காமல் முடியாது என்றேன். புளோரா டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உங்கட விருப்பம்" என்றார்.

மூன்றாம் நாள் கிண்ணியாவைச் சேர்ந்த ரிஸ்வானின் ஆட்டோவில் சம்பூருக்குக் கிளம்பினேன். கிண்ணியாப் பாலத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. தண்ணீர் இரண்டு பக்கமும் தகதகவென்று கிடக்க, நல்ல பாதை என்று நான் வாய் திறந்து பாராட்டிய பத்தாவது நிமிடத்தில் கிளச் கேபிள் அறுந்தது.

"பயப்பிட வாணா அக்கா. என்ட மச்சான் கடை இந்தா கிட்டத்தான்" என்றார் ரிஸ்வான். கிட்ட என்பது முக்கால் மணி நேரம். அவர் கேபிளோடு வருவதற்குள் சாலையோரத் தயிர்க் கடையில் உட்கார்ந்து, மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிரைப் பனம்பாணி என்கிற பனைப்பாகு ஊற்றிச் சாப்பிட்டேன். கடைக்காரப் பெண் நான் எதற்கு வந்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"அந்தப் புகைக்கூட்டு வீடா? எங்கட மகளும் அங்கதான் இருந்து படிச்சவ. இப்ப நேர்ஸ்" என்றார். சட்டியை வைத்துவிட்டு, "விடுதிய மூடிப் போடாதீங்க" என்றார். தயிர் அதற்கப்புறம் அவ்வளவு இறங்கவில்லை.

யோகராசாவின் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. இரண்டு அறை, தகரக் கூரை, முற்றத்தில் முருங்கை. சுவர் முழுக்கச் சிமெண்ட் கல், பூச்சில்லாமல் சாம்பல் நிறத்தில் நின்றது. அவர் வயலிலிருந்து வந்து காலைக் கழுவிவிட்டுக் நாற்காலியை எனக்குத் தள்ளினார். ஐம்பது வயதிருக்கும்.

"சொல்லுங்கோ மிஸ், என்ட பூச்சு எப்பிடி நிக்குது? மட்டம் வச்சுப் பாத்தனீங்களோ?"

பார்த்திருந்தேன். நூல் பிடித்த மாதிரி இருந்தது. அதைச் சொன்னேன். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மனைவி சிவமலர் பால் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், வாய்க்கு வந்ததைக் கேட்டுத் தொலைத்தேன். "உங்க வீட்டைப் பூசலையா?"

கணவரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிவமலர்தான் சொன்னார். "இந்த வீட்டுக்கெண்டு உதவியில தந்த சீமெந்துதான் மிஸ் அங்க போட்டது. பிள்ளையள் இருக்கிற இடம் முதல்ல வடிவா இருக்கட்டும், எங்கட வீட்டப் பிறகு பாப்பம் எண்டார். பிறகு ஏலாமப் போச்சு."

நான் எத்தனையோ கட்டடங்களில் சிமெண்ட் பூசியவர்களைத் திட்டியிருக்கிறேன், ஒருவரின் வீட்டையும் போய்ப் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. உப்புக் காற்று என்று சொல்லிவிட்டு எழுந்துபோகவும் மனம் வந்தது. ஆனால் அந்தப் பூச்சு இருக்கிறவரை சுவர் செத்துக்கொண்டேதான் இருக்கும், அதற்குள்ளேதான் இவர் மகளும் தூங்குகிறாள்.

சொன்னேன். பழைய சுவர் மண்ணிலிருந்து ஈரம் குடிக்கும், சுண்ணாம்பு இணைப்புகள் வழியாக அதை வெளியே விடும் என்றேன். "மழைக்கோட்டைப் போட்டுக்கிட்டு வெயில்ல நெல்லு அறுத்தா உடம்பு என்ன ஆகும்? சிமெண்ட் பூசினா அந்தச் சுவருக்கும் அப்படித்தான். ஈரம் உள்ளேயே ஏறி, பூச்சு முடியற இடத்துல உப்பாக் கக்குது. அதுலதான் கல்லு பொடியுது."

யோகராசா தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். சிவமலர் உள்ளே போய்விட்டார்.

"அடியில ஓட்டையள் இருந்தது" என்றார். "பன்ரெண்டு. பிள்ளை பாம்பு கண்டவள், வேற பிள்ளையளும் பயந்திட்டுதுகள். கல்லு வச்சு அடைச்சுத்தான் மேல பூசினனான். அதுவும் பிழையோ?"

"அதுவும்தான்."

"கம்பி வலை அடிச்சிருக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "சரி. நாளைக்கு வாறன்."

டவுனிலேயே ஆள் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் வர வேண்டாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "ஏலாது மிஸ். எங்க தடிப்பாப் போட்டனான், எங்க மெல்லிசாப் போட்டனான் எண்டு எனக்குத்தான் தெரியும். வேற ஆள் அடிச்சா உள்ளுக்க கல்லு உடையும்."

நான்காம் நாள் காலை நான் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் வந்துவிட்டார். புளோரா டீச்சர் அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய் ஜெபமாலையை எடுத்துக்கொண்டார். என் முறை எளிது. பூச்சு கழன்ற இடத்தில் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைக் கல்லில் அழுத்துவேன். ஒரு விரற்கடைக்குள் நின்றால் சுவர் தேறும். அதற்கு மேல் இறங்கினால், அதுவும் பல இடத்தில் இறங்கினால், மூடச் சொல்லி எழுத வேண்டும். யோகராசாவிடம் அதையும் மறைக்காமல் சொன்னேன்.

உளியைச் சாய்த்துப் பிடித்து முதல் அடி அடித்தார். வயிறு தள்ளியிருந்த பூச்சு அப்பளம் மாதிரி ஒரே பலகையாக விழுந்தது. பின்னால் சுவர் நேராகத்தான் நின்றது. ஆனால் கல் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்பு. கம்பியை வைத்தேன். சுலபமாக உள்ளே போனது. இரண்டு விரற்கடை. அவர் என்னைப் பார்த்தார். நான் அடுத்த கல்லில் வைத்தேன். அதுவும் இறங்கியது. அது சமையலறை மூலை.

"அங்கால போவம்" என்றார்.

அந்தப் பக்கம், நீண்ட அறையை ஒட்டி, கம்பி அரை விரற்கடையில் நின்றது. அடுத்த கல்லிலும் நின்றது. மதியம்வரை அவர் உரித்துக்கொண்டே போக, நான் குத்திக்கொண்டே போனேன். மற்ற எல்லா இடத்திலும் தோல்தான் கெட்டிருந்தது, உள்ளே கல் மணிமணியாக இருந்தது. ஒரு கல்லைத் துடைத்தவர் கூப்பிட்டுக் காட்டினார். அதன் முகத்தில் நெல் உமி எரிந்த குழிகள்.

"ரீச்சர் இது இங்கிலாந்தில இருந்து கப்பலில வந்த கல்லு எண்டெல்லோ சொல்லுறவ? இது தம்பலகாமத்துப் பக்கத்துக் கல்லு மிஸ். உமி போட்டுக் குழைச்சது. எங்கட ஆக்கள்தான் அறுத்திருக்கினம்."

எனக்கும் அது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. படம் மட்டும்தான் துரையுடையது. மண்ணும் உமியும் கையும் இந்தப் பக்கத்தவை.

பிற்பகல் துவாரங்களைத் திறந்தார். பன்னிரண்டாவது திறந்ததும் வீட்டுக்கு அடியிலிருந்து பல நாள் ஈர நெடி வந்தது, அப்புறம் காற்று வந்தது. படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். சமையலறை மூலையில் மட்டும் இரண்டு விட்டங்கள் உளுத்திருந்தன. மூலைக்கு முட்டுக் கொடுத்து, அதை ஒட்டியிருக்கும் கட்டில்களை மாடிக்கு மாற்றி, பொடிந்த கற்களை எடுத்துச் சுண்ணாம்பில் கட்டினால் போதும்.

"வெத்திலைக்குப் பூசுற சுண்ணாம்போ?" என்று யோகராசா கேட்டார். கிட்டத்தட்ட அதுதான் என்றேன். எப்படிக் குழைப்பது, எத்தனை நாள் ஊற வைப்பது என்று சளைக்காமல் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொல்லிக்கொண்டே போக, அவர் உரித்த பூச்சையெல்லாம் வாளியில் அள்ளிச் சரிவுப் பாதையின் பள்ளத்தில் கொட்டி மிதித்தார்.

ஐந்தாம் நாள் விறாந்தையில் மேசை போட்டு அறிக்கை எழுதினேன். பெண்கள் சற்றுத் தள்ளிப் பாயில் உட்கார்ந்து படிக்கிற பாவனையில் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துவாரங்களுக்குக் கம்பி வலை அடித்து முடித்த யோகராசா வந்து நின்றார்.

"மிஸ், அதில என்ட பேர் வருமோ?"

பயப்படுகிறார் என்று நினைத்தேன். "வராது. முன்னாடி போட்ட பூச்சுன்னுதான் எழுதியிருக்கேன். யாருன்னு எழுதலை" என்றேன். புளோரா டீச்சர் எனக்கு நன்றியாகத் தலையசைத்தார்.

"இல்லை, எழுதுங்கோ" என்றார் அவர். "பூசினது ஆரெண்டும் எழுதுங்கோ. கழட்டினது ஆரெண்டும் எழுதுங்கோ. வேற ஊரில வேற மேசன் இப்பிடி ஒரு வீட்டைப் பூச வெளிக்கிட்டா, ஆரையும் வந்து கேக்கட்டும்."

முப்பது வருடத்தில் என் அறிக்கை எதிலும் ஒரு கொத்தனாரின் பெயர் வந்ததில்லை. தகப்பனார் பெயர் கேட்டேன். சாமித்தம்பி என்றார். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அந்தப் பத்தியை முழுப்பெயரோடு மறுபடி எழுதினேன். கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் அதை வாசிக்கவில்லை. மகளைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்கச் சொன்னார்.

தர்சிகா எழுந்து நின்று வாசித்தாள். செங்கல், சுண்ணாம்பு, துவாரங்கள் எல்லாம் கடகடவென்று போயின. "சுவருக்குக் கேடு செய்த சிமெண்ட் பூச்சைப் பூசியவர்" என்ற இடத்தில் நின்றுவிட்டாள். தாளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் கண் நிறைந்துவிட்டது.

"வாசி பிள்ளை" என்றார் யோகராசா.

வாசித்தாள். சாமித்தம்பி யோகராசா, சம்பூர். அதைச் சேதமில்லாமல் அகற்றியவரும் அவரே. மாணவிகள் இருபத்திரண்டு பேரும் இந்த வீட்டில் தொடர்ந்து தங்கலாம்.